பாய்த்துணிக்குக் கீழே

நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. கிழவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைத் துணி போர்த்தி, முதுகில் நீல ரிப்பன் கட்டிய நாற்காலிகள். படகுக் கிளப்பில் வேலை பார்க்கும் ஜெனிட்டா என்ற பெண் ஒவ்வொருவரிடமும் போய், உட்காருங்க தாத்தா, கால் வலிக்கும் தாத்தா என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்படித் தெரியும். வலிப்பது கால் அல்ல, முதுகு. அந்தக் காலத்துப் பந்தயப் படகில் உட்கார இடம் கிடையாது. முழங்காலை மடக்கி நின்றபடிதான் ஓட்டவேண்டும். அலையிலிருந்து அலைக்குத் தாவும் படகு ஒவ்வொரு தடவை கீழே விழும்போதும் கீழே இருப்பது தண்ணீர் இல்லை, சிமெண்டுத் தரை. முதுகெலும்பு ஒன்றின்மேல் ஒன்று இறங்கி, இறங்கி, தேய்ந்துபோய், இப்போது உட்கார்ந்தால் எழும்ப ஆள் வேண்டும். அதை ஒரு பேத்தி வயதுப் பெண்ணிடம் எவன் சொல்வான். நிற்கிறார்கள். கஸ்பார் மோத்தாவும் வராந்தாத் தூணில் தோளைச் சாய்த்து நின்றார். துறைமுகத்தில் கப்பலுக்கு ஏறும் உப்பு மூட்டைகளை எண்ணி எண்ணியே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். கண் எதைப் பார்த்தாலும் தானாக ஐந்தைந்தாகக் கட்டிவிடும். இரண்டு கட்டு, மேலே ஒன்று. பதினொரு பேர். எல்லோரும் குள்ளமாகிவிட்டார்கள். குறைந்த உயரத்தையெல்லாம் கூட்டினால் முழுதாக ஓர் ஆளைக் கடல் வாங்கிவைத்திருக்கும். நல்ல வளர்த்தியான ஆளை.

மேலே பேனர் கட்டியிருந்தது: கடல் விசைப்படகுப் பந்தய முன்னோடிகள் சந்திப்பு. முன்னோடிகளாம். அன்றைக்கு அவர்களுக்கு அப்படி ஒரு பேர் இருந்ததில்லை. கிறுக்கன்கள் என்றுதான் தூத்துக்குடிக் கடற்கரையில் சொன்னார்கள். உப்பு முதலாளிகள் ஒட்டுப்பலகையில் படகு செய்து, பட்டாளத்து லாரி எஞ்சினை இரண்டிரண்டாகப் பொருத்தி, மணப்பாடு வரை போய்த் திரும்பி வாங்கடா என்று பையன்களை ஏற்றிவிட்டார்கள். முதலாளிகள் கரையில் குடை பிடித்து நின்றார்கள். போய்த் திரும்பியவர்கள் முன்னோடிகள். ஜெனிட்டா சட்டையில் குத்திவிட்ட பெயர் அட்டையைக் கஸ்பார் அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெயரை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நிற்க அவரால் முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம், வாத்தியார் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கவேண்டும் அல்லவா. அடையாளம் கண்டுபிடிக்கிறவன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். அவர் வந்தது இவர்களுக்காக அல்ல. ஒருவனுக்காக. ஒருவனிடம் ஒரு கேள்விக்காக.

போன வாரம் மெல்கியோர் வாஸ் கஸ்பாரின் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். அவரும் அந்தக் காலத்தில் ஓட்டியவர், வேறு படகு, வேறு முதலாளி. இரண்டு காதும் போனவர். அதனால் ஊருக்கே காது போய்விட்டது என்று எண்ணிப் பேசுவார். "ஓய் கஸ்பார், தொபியாஸைப் பிடிச்சாச்சு வே! ஆஸ்திரேலியாவுல இருக்கான். எம் பேத்தி போன்ல தேடிப் பிடிச்சா. வாரான்." கஸ்பார் வாசல்படிக்கு இறங்கினார். "என்னைப் பத்திச் சொன்னீரா?" "என்னத்தச் சொல்ல? ரெண்டு செவிடனுவ போன்ல பேசுனா விளங்குமா? அவன் அலோ அலோன்னான், நான் வா வான்னேன். கடைசில பேத்தி பிடுங்கி பிளைட்டு விவரம் கேட்டா. நீரு இருக்கது அவனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நேர்ல வச்சுக் காட்டுவோம், அவன் மூஞ்சி போற போக்கப் பார்க்கணும்." இன்றைக்கும் வந்தவுடன் அதையேதான் சொன்னார். "அவன் வந்தா வாயத் தொறக்காதேயும். நான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து ரெண்டு பேரையும் சேத்து வைக்கேன்." பிறகு படகுத்துறை ஜெட்டியில் கட்டியிருந்த புது பைபர் படகைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சீட்டு இருக்கு, பெல்ட்டு இருக்கு, தொப்பி இருக்கு. பால்புட்டி ஒண்ணுதான் இல்ல." அதைச் சொல்லிக்கொண்டே முதல் ஆளாகப் போய் ஏறிக்கொண்டார். மூன்று மூன்று பேராக ஏற்றி, வெளி மிதவை வரை போய், சுற்றித் திரும்புகிறார்கள். ஓட்டுகிற பையன் ஒரு கையால் ஓட்டுகிறான், மறு கையில் செல்போன். அந்த ஒரு கையை கஸ்பார் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே கையில் சுக்கானும், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற லிவரும். அன்றைக்கு அது இரண்டு ஆள் வேலை.

இரண்டு ஆள். இடப்பக்கம் சுக்கான்காரன், வலப்பக்கம் லிவர்காரன். சுக்கான்காரன் திசையைப் பார்ப்பான், லிவர்காரன் அலையைப் பார்ப்பான். படகு ஓர் அலையின் உச்சியை விட்டுக் காற்றில் எழும்பியதும் லிவரைப் பின்னால் இழுத்துவிடவேண்டும், கீழே தண்ணீர் தொட்டதும் முன்னால் தள்ளவேண்டும். இழுக்க மறந்தால் எஞ்சின் காற்றில் வெறிபிடித்துச் சுற்றும். படகு இறங்கும்போது தண்ணீர் அதைப் பிடித்துத் தூக்கி எறியும். இழுப்பதும் தள்ளுவதும் சொல்லிச் செய்கிற காரியம் இல்லை, அந்தச் சத்தத்தில் சொன்னாலும் கேட்காது. சுக்கான்காரன் தன் உயிரை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு முன்னால் பார்க்கவேண்டும். கஸ்பார் கொடுத்தார். மூன்று வருடம் கொடுத்தார். தொபியாஸ் ரோச், பந்தயத்துக்கென்று கொழும்பிலிருந்து முதலாளி கூட்டிவந்தவன், இங்கே ஒரு சொந்தம் கிடையாது, கஸ்பார் வீட்டுச் சோறுதான், கஸ்பாரின் அம்மா வைத்த நண்டுக் குழம்புதான். மூன்று வருடம் ஒரு தடவைகூடக் கஸ்பார் அந்தக் கையைத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்திருக்கலாம். அந்த மணப்பாட்டுப் பந்தயத்தில், திருச்செந்தூர் தாண்டி, அந்த அலையில், ஒரே ஒரு தடவை வலப்பக்கம் கண்ணைத் திருப்பியிருந்தால் போதும், இந்தக் கேள்வி இருந்திருக்காது. கையை இழுத்தானா, இழுக்கவில்லையா. இழுத்திருந்தால் அது கடல். இழுக்கவில்லை என்றால் அது ஆள். கடல் என்றால் யாரிடம் கோபிப்பது, விட்டுவிடலாம். ஆள் என்றால் விடமுடியாது. ஐம்பது வருடத்துக்கு மேலாகத் தெரியாமலே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாயிற்று. பெண்டாட்டி செலஸ்தீன் ஒரு தடவை, அவர் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "அந்தக் கொழும்பானை நினைக்கிற நேரத்துல பாதி நேரம் என்னை நினைச்சிருந்தீருன்னா நமக்கு நல்ல வாழ்க்கையா இருந்திருக்கும்." அவள் கையின் சூடு. தைலத்தின் நெடி. அவர் குப்புறப் படுத்திருந்தார், முகம் தலையணைக்குள். அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். அன்றைக்குக்கூட, கல்லறைத் தோட்டத்தில், மண் தள்ளும்போது, ஒரு நொடி, அவனுக்குச் சொந்தமாக ஒரு பெண்டாட்டி பிள்ளை இருக்குமா என்றுதான் ஓடியது மனது. சீ என்று இருந்தது. ஆனால் ஓடியது.

படகு கிளம்பிற்று. மெல்கியோர் பெல்ட்டைக் கட்டாமல் எழுந்து நின்று கரையைப் பார்த்துக் கையை ஆட்டினார், பையன் அவரைத் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தான். டீசல் புகை வந்தது. அந்தப் புகை கஸ்பாரின் மூக்கில் ஏறியது. எப்போதும் இப்படித்தான், முதலில் புகை, பிறகு தண்ணீர், பிறகு தண்ணீர் இல்லை, வெளிச்சம். மஞ்சள் வெளிச்சம். பாய்த்துணியின் வழியாக வடிந்து வரும் வெயில். வள்ளக்காரர்கள் அவரைத் தூக்கிவந்து மணப்பாட்டு மணலில் கிடத்தி, கண்ணில் வெயில் அடிக்கிறதே என்று வள்ளத்துப் பாயை எடுத்து முகத்தோடு மூடிவிட்டார்கள். நல்லது என்று நினைத்துத்தான் மூடினார்கள். அதற்கடியில் மீன் கவிச்சியும் தாரும் உப்பும். மூச்சு நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது, வாய் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை, காது மட்டும் கேட்டது. யாரோ ஓடிவந்தார்கள். மணலில் ஓடிவருகிற சத்தம், அருகில், மிக அருகில் வந்து நின்றது. ஒரு விக்கல் மாதிரி சத்தம். அந்த விக்கலைத் தெரியும். இருமல் வந்தால் அவனுக்கு அப்படித்தான் தொடங்கும். தொபியாஸ். துணியை விலக்குவான், இப்போது விலக்குவான், விலக்கினால் நான் கண்ணைக் காட்டுவேன். பாயின் ஓட்டை ஒன்றில் ஒரு நிழல் அசைந்தது. பிறகு அந்தக் காலடி திரும்பியது. நடந்து அல்ல, ஓடி. வந்ததைவிட வேகமாக ஓடி. கேட்டுக்கொண்டே இருந்தார், அது அலைச் சத்தத்தில் கரையும் வரை. மறுநாள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், தொபி எங்கே என்று கேட்டார். கொழும்புக்குத் தோணி ஏறிப் போயிட்டான் என்றார்கள். ஒரு கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறாயா செத்தாயா என்று ஒரு வார்த்தை இல்லை. குற்றம் இல்லாதவன் எதற்கு ஓடவேண்டும். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். எத்தனை தடவை போட்டாலும் அதே விடை வந்தது. அதே விடை வருவதால் சரியான விடை என்று ஆகிவிடுமா என்ற ஒரு சந்தேகமும், பாயின் ஓட்டை மாதிரி, ஓர் ஓரத்தில் இருந்துகொண்டே இருந்தது.

"நீங்க ஏறல்லயா?"

வலப்பக்கத்திலிருந்து வந்தது குரல். கஸ்பார் திரும்பவில்லை. திரும்புவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, வராந்தாக் கம்பியைப் பிடித்திருந்த கையால். தேமல் விழுந்து, தோல் வற்றி, நரம்பு எழும்பி, ஆனால் அதே கை; கட்டைவிரல் மட்டும் வெளியே துருத்தி நிற்க, மற்ற நான்கும் கம்பியை மூடியிருந்த விதம். லிவரை அப்படித்தான் பிடிப்பான். திரும்பிப் பார்த்தது இல்லை என்று நினைத்தோமே, பிறகு எப்படித் தெரிகிறது இந்தக் கை? கரையில் நிற்கும்போது பார்த்திருக்கவேண்டும். "முதுகு" என்றார் கஸ்பார். தன் குரல் தனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "ஓம், எல்லாருக்கும் முதுகுதான்" என்று தொபியாஸ் சிரித்தான். பல் கட்டியிருந்தான். சிவப்பாக, சுத்தமாக, ஆஸ்திரேலியாக் குளிரில் பதனமாக வைத்த முகம். கண்ணில் மட்டும் வெள்ளை படர்ந்திருந்தது. அந்தக் கண் கஸ்பாரின் முகத்தில் ஒரு நிமிடம் தங்கியது, நெற்றி, மூக்கு, தாடை, எல்லாவற்றையும் தடவிவிட்டு, ஒன்றும் தட்டுப்படாமல், கடலுக்குத் திரும்பிப் போயிற்று. தெரியவில்லை. அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் இந்த முகத்தைச் சுமந்து வைத்திருந்தது இவன் ஒரு நாள் பார்த்துப் பதறவேண்டும் என்பதற்காகத்தானா? பதறவில்லை. பக்கத்தில் நிற்கிற ஏதோ ஒரு கிழவனிடம் பேசுகிறான். கேட்டுவிடு. கையை இழுத்தாயா என்று கேட்டுவிடு. இரண்டே வார்த்தை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஐயா உள்ளூர்தானே?" என்றான் தொபியாஸ். "பெரிய கோயில்ல காலப் பூசை ஆறு மணியா, ஆறரையா? காலயில போய்ப் பேர் குடுத்திட்டு வந்தன். அங்க இருந்த தம்பி எழுதினானே தவிர நேரம் சொல்லல்ல. எனக்குக் காதும் சரியில்ல." "ஆறரை" என்றார் கஸ்பார். பிறகு, பேச்சுக்குப் பேச்சு என்பதுபோல, தன்னையறியாமல், "ஆருக்குப் பூசை?" என்று கேட்டார். தொபியாஸ் கம்பியிலிருந்து கையை எடுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "என்ட சுக்கான்காரனுக்கு. இந்தக் கரையிலதான் செத்தான், மணப்பாட்டில. ஒவ்வொரு வருசமும் அந்தத் தேதிக்கு எங்க இருந்தாலும் ஒரு பூசை வச்சிருவன். கொழும்பில வச்சன், மெல்பனில வச்சன். இந்த வருசம் அவன்ட கோயில்லயே வைப்பம் எண்டுதான் இவ்வளவு தூரம் வந்தன். இந்தக் கூட்டத்துக்கு இல்ல." "அவன் பேரு?" "கஸ்பார். கஸ்பார் மோத்தா."

கடல் அப்படியேதான் இருந்தது. வெளி மிதவைக்குப் பக்கத்தில் படகு சின்னதாகத் தெரிந்தது, பின்னால் வெள்ளையாக ஒரு கோடு. ஜெனிட்டா தட்டில் மக்ரூன் கொண்டுவந்து நீட்டினாள், கஸ்பார் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. செத்தவன். நான் செத்தவன். ஒவ்வொரு வருடமும் ஏதோ ஓர் ஊரில், எனக்குத் தெரியாத ஒரு சாமியார், எனக்குத் தெரியாத ஜனங்களுக்கு முன்னால் என் பெயரை வாசித்திருக்கிறார். நித்திய இளைப்பாற்றி கேட்டிருக்கிறார்கள் என் ஆத்துமாவுக்காக. நான் இங்கே உப்பு மூட்டை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன், குனிய முடியாமல், கோயில் பெஞ்சைப் பிடித்து நெட்டுக்குத்தலாக நின்றபடி, இவன் நன்றாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு. இரண்டு மன்றாட்டும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும். அங்கே இருக்கிறவர் சிரித்திருப்பார். நாளைக்குக் காலையில் பெரிய கோயிலில் வாசிப்பார்கள். என் கோயில். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள், கோயில்பிள்ளை பதறுவான், எவனோ சிரிப்பான். சிரிப்பு கஸ்பாரின் தொண்டை வரை வந்தது. வந்து, வழியில் எங்கோ திரும்பிக் கசப்பாகி நெஞ்சில் நின்றுவிட்டது. வருடத்துக்கு ஒரு பூசை. அதோடு முடிந்தது. மற்ற நாளெல்லாம் நிம்மதியான தூக்கம். செத்தவனுக்குச் செய்யவேண்டியது அவ்வளவுதானே. நான் செத்தது இவனுக்கு எவ்வளவு வசதி.

"எப்படிச் செத்தான்?" என்று கேட்டார். இப்போது நாக்கு ஒட்டவில்லை. வேறு ஒருவனைப் பற்றிக் கேட்பது எவ்வளவு சுலபம். தொபியாஸ் கண்ணைச் சுருக்கிப் படகைப் பார்த்தான். "நான் கையை எடுக்கல்ல" என்றான். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். "ஐயா ஓடினவரெண்டா உங்களுக்கு விளங்கும். அலைய விட்டு எழும்பினா லிவரை இழுக்கவேணும். இழுக்கல்ல." இதோ. வந்துவிட்டது. ஆள்தான். கடல் இல்லை, ஆள். கஸ்பாரின் கைக்குள் மக்ரூன் உடைந்து மாவாயிற்று. "மறந்தீரா?" "இல்ல. நல்லாத் தெரியும், இப்ப இழுக்கவேணும் எண்டு. போட்டிக்காகவும் இல்ல, நாங்க அப்ப முன்னுக்குத்தான் இருந்தம். எப்படிச் சொல்றது. நல்லா இருந்திச்சு, ஐயா. அவ்வளவு உயரம் நாங்க ஒருநாளும் எழும்பினது இல்ல. சத்தமே கேட்காத மாதிரி இருந்திச்சு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் எண்டு இருந்திச்சு. கையை எடுக்க மனம் வரல்ல. அவ்வளவுதான்." பிறகு சொன்னான்: "அவனும் சிரிச்சுக்கொண்டு இருந்தான். நான் பார்த்தன்."

பொய் என்று சொல்ல வாய் எடுத்தார் கஸ்பார். சிரித்தேனா? விழுந்ததை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார் அவர், படுக்கையில், ஆஸ்பத்திரியில், மூட்டைக் கிடங்கில். தண்ணீர் சுவர் மாதிரி எழும்பியது, முதுகுக்குள் ஒரு முறிவு, பாய்த்துணி. ஆனால் அதற்கு முந்தின ஒரு துண்டைப் பார்த்ததே இல்லை. அதைத் தொட்டதே இல்லை. இப்போது இந்த வெள்ளை படர்ந்த கண்ணுக்காரன் அதை எடுத்து முன்னால் வைக்கிறான். படகு எழும்பியது. கீழே கடல் இல்லை. வாய் திறந்திருந்தது, காற்று பல்லில் பட்டுக் குளிர்ந்தது. ஆமாம், பல்லில். பல் தெரியச் சிரித்தால்தான் பல் குளிரும். வயிற்றுக்குள் ஊஞ்சல் உச்சிக்குப் போன மாதிரி ஒரு கூச்சம், கீழே வராதே, இப்படியே நில், இப்படியே. யார் சொன்னது அதை? இவனா, நானா? அந்த நொடியில் கை என் கையாக இருந்திருந்தால் நான் இழுத்திருப்பேனா? வேண்டாம். அந்தப் பக்கம் போகவேண்டாம். போனால் ஐம்பது வருடமும் தரையில் கொட்டிவிடும். ஒரு பகையாவது, ஒரு பொறாமையாவது, முதலாளி கைக்குள் ஏதாவது வைத்தான் என்றாவது இவன் சொல்லியிருக்கக்கூடாதா? சந்தோஷமாம். ஒரு மனுஷனுடைய முதுகு, கடல், வீடு, பெண்டாட்டியின் பாதி வாழ்க்கை, எல்லாம் போனது ஒரு சந்தோஷத்துக்கு. அதை எப்படி வெறுப்பது? எந்த இடத்தில் பிடித்து வெறுப்பது?

"கரைக்கு வந்தபிறகு அவனைப் பார்த்தீரா?" இதையும் கேட்டுவிடவேண்டும். இதுதான் கடைசி. தொபியாஸ் தலையைக் குனிந்தான். "பார்த்தன். பார்க்கல்ல. பாய் போட்டு மூடியிருந்தாங்க, முகத்தோட. முகத்தை மூடினா என்ன அர்த்தம்? பக்கத்தில போய் நிண்டன். விலக்கிப் பார்க்கவேணும். கை போகல்ல, ஐயா. பார்த்தா அது அவனாப் போயிரும். பார்க்காட்டி வேற ஆராவதா இருக்கலாம். அப்படி ஒரு கிறுக்கு நினைப்பு. அவன்ட அம்மாட முகத்தில எப்படி முழிக்கிறது, அந்த மனிசி கையால எவ்வளவு சோறு திண்டிருக்கிறன். ஓடிட்டன். அண்டிரவே தோணியில ஏறிட்டன்." அந்த விக்கல் வந்தது அவனுக்கு. அதே விக்கல். கஸ்பாரின் உடம்பு அதைக் கேட்டு விறைத்தது, மணலில் கிடந்த மாதிரியே, விரலை அசைக்க முடியாமல். "எனக்கும் வயசு போயிட்டுது. அங்க போனா அவனைச் சந்திப்பன் எண்டு நம்புறன். முதல் கேள்வி என்ன கேட்பான் எண்டு எனக்குத் தெரியும். ஏன் இழுக்கல்ல எண்டு கேட்கமாட்டான். ஏன் விலக்கிப் பார்க்கல்ல எண்டுதான் கேட்பான்." பிறகு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக, "ஐயா எந்தப் படகில ஓடினீங்க?" என்று கேட்டான்.

இப்போது சொல்லலாம். நான்தான் என்றால் போதும். இவனுடைய மடியில் கிடக்கிற பிணம் எழுந்துவிடும், இவன் கொலைகாரன் இல்லை என்று ஆகிவிடும், அழுவான், கட்டிப்பிடிப்பான், பதினொரு பேரும் சுற்றி நின்று கை தட்டுவார்கள், ஜெனிட்டா செல்போனில் படம் எடுப்பாள். ஐம்பது வருடப் பாரத்தை இவன் இந்த வராந்தாவிலேயே இறக்கி வைத்துவிட்டு, நாளைக்கு லேசாக விமானம் ஏறுவான். என்னுடையதை நான் எங்கே இறக்கி வைக்கிறது? உயிரோடு இருக்கிறேன் என்பது மன்னிப்பைவிடப் பெரிய தானம். அதை இவனுக்கு நான் கொடுக்கவேண்டுமா? "நான் ஓடல" என்றார் கஸ்பார். "துறைமுகத்துல மூட்டை எண்ணுற வேலை. சும்மா பார்க்க வந்தேன்." "நல்லது, நல்லது" என்றான் தொபியாஸ். "நாளைக்குப் பூசைக்கு வாங்களேன். அவனுக்கு இங்க ஆர் இருக்கினமோ தெரியா. ஓர் ஆளாவது கூட இருந்தா நல்லம்." "வாறேன்" என்றார் கஸ்பார்.

மிதவையைச் சுற்றி முடித்துப் படகு திரும்பிக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. அதில் மெல்கியோர் இருக்கிறார். தொண்டையும் இருக்கிறது. கரை தொட்டதும் கத்துவார், அதற்காகவே கிளம்பும்போது கையை ஆட்டினார். ஆக, தன்னுடைய பழிவாங்கலின் நீளம் இவ்வளவுதான், ஒரு படகு மிதவையைத் தொட்டுவிட்டு வருகிற நேரம். கஸ்பாருக்கு அது கேவலமாகத் தெரிந்தது. தெரிந்தும் விட மனம் வரவில்லை. சொல்லிவிடு, அவர் சொல்வதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு, அப்படிச் செய்தால் அதிலாவது கொஞ்சம் மனிதத்தனம் மிஞ்சும் என்று உள்ளே ஒரு குரல், செலஸ்தீனின் குரல் மாதிரி, கோபமே இல்லாமல் சொன்னது. தொபியாஸ் பக்கத்தில் நின்று வரும் படகையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கொஞ்சம் பயந்த, கொஞ்சம் சந்தோஷமான, கிழட்டுப் பிள்ளை முகம். இந்த முகத்தை எனக்குத் தெரியும். இந்த முகத்துக்கு என் அம்மா சோறு போட்டாள். கஸ்பார் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். எஞ்சின் அணைந்தது. அலை ஒன்று ஜெட்டியின் டயர்களில் மோதிச் சளப்பென்றது. பையன் கயிற்றை வீசினான். மெல்கியோர் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து நின்றார், வராந்தாவைத் தேடினார், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கண்டுகொண்டார், முகமெல்லாம் பல்லாக, இரண்டு கையையும் வாயருகே குவித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அந்த மூச்சு வெளியே வருகிற வரைக்கும் கஸ்பார் மோத்தா செத்தவராகவே நின்றார், அசையாமல், கேட்டுக்கொண்டு.